நார்த் வில்க்ஸ்பரோ: சரிவில் ஓடும் ஸ்டாக் கார் தடம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் பந்தயம் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு என்று தெரிந்த நண்பர்கள், அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதுவும் நார்த் வில்க்ஸ்பரோ என்று நான் ஆரம்பித்தால் போதும், சந்தேகங்கள் வரிசை கட்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே.

ஸ்டாக் கார்னா என்ன? ஃபார்முலா ஒன் மாதிரியா?

இல்லை. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கென்றே பிறந்தது. ஸ்டாக் கார் என்றால் ஆரம்பத்தில், கடையில் விற்பனைக்கு இருப்பில் உள்ள சாதாரணக் கார் என்றுதான் அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஓட்டிப்போன வண்டியையே மதியம் பந்தயத்துக்குக் கொண்டுவந்த காலம் அது. இன்றைக்கு அந்தப் பெயர் மட்டும்தான் மிச்சம். வெளித்தோற்றத்துக்குக் கடைக் கார் சாயல் இருக்கும். உள்ளே முழுக்கக் குழாய்ச் சட்டம், வி-8 இஞ்சின், ஒன்றரை டன் எடை.

இந்தக் கார்கள் பெரும்பாலும் முட்டை வடிவ ஓவல் தடங்களில் ஓடும். ஒருவரை ஒருவர் உரசுவதும் முட்டுவதும் ஃபார்முலா ஒன்னில் விபத்து. இங்கே அது பாதி நேரம் உத்தி.

நார்த் வில்க்ஸ்பரோ எங்க இருக்கு? ஊர் பேரே கேள்விப்பட்டதில்லையே?

வட கரோலினா மாநிலத்தின் வடமேற்கில், புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில், வில்க்ஸ் என்ற மாவட்டத்தில் இருக்கிறது. ஷார்லட் நகரத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். சிறு ஊர்தான். ஆனால் வீட்டுச் சாமான் விற்கும் லோஸ் என்ற பிரம்மாண்டக் கடைச் சங்கிலி 1921-ல் ஒரு ஹார்டுவேர் கடையாகத் தொடங்கியது இங்கேதான். ஹாலி ஃபார்ம்ஸ் என்ற கோழிப்பண்ணை நிறுவனமும் இந்தப் பகுதியுடையது. பல ஆண்டுகள் இலையுதிர்காலப் பந்தயத்துக்கு அதன் பெயர்தான். லோஸின் தலைமையகம் பின்னாளில் ஷார்லட் பக்கம் போய்விட்டது, ஹாலி ஃபார்ம்ஸை 1989-ல் டைசன் வாங்கிவிட்டது. பந்தயத் தடத்துக்கு நேர்ந்ததைக் கேட்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடம் இருப்பது ஊருக்குச் சில மைல் கிழக்கே, 421 நெடுஞ்சாலை ஓரம்.

யார் கட்டினது? எப்போ?

ஈனக் ஸ்டேலி என்ற உள்ளூர்க்காரர், சில கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு கட்டினார். முதல் பந்தயம் 1947 மே 18 அன்று நடந்தது. ஃபாண்டி ஃபிளாக் ஜெயித்தார். அப்போது வெறும் மண் தடம். பந்தயங்களை ஏற்பாடு செய்து நடத்துவதற்கு ஸ்டேலி நாடியது பில் ஃபிரான்ஸை. அதே வருஷம் டிசம்பரில் டேடோனா கடற்கரையில் ஒரு ஓட்டலில் ஆட்களைக் கூட்டி, நாஸ்கார் அமைப்புக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர்தான். அதாவது நாஸ்காரை விட இந்தத் தடம் சில மாதம் மூத்தது.

1949-ல் நாஸ்கார் தன் முதன்மைத் தொடரைத் தொடங்கியபோது மொத்தம் எட்டே பந்தயங்கள். எட்டாவதும் கடைசியுமான பந்தயம் அக்டோபர் 16 அன்று இங்கே நடந்தது. பாப் ஃபிளாக் ஜெயித்தார், ரெட் பைரன் முதல் சாம்பியன் ஆனார். 1957-ல் தார் போட்டார்கள்.

ஒரு பக்கம் இறக்கம், ஒரு பக்கம் ஏற்றம்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம். கையில் இருந்த பணம் நிலத்தைச் சமப்படுத்தும் வேலை முடிவதற்குள் தீர்ந்துவிட்டது, அதனால் மலையடிவாரச் சரிவை அப்படியே விட்டுவிட்டார்கள் என்பது ஊரில் காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம். விளைவு இதுதான்: தொடக்கக் கோடு இருக்கும் முன்பக்க நேர்தடம் இறங்குகிறது, பின்பக்க நேர்தடம் ஏறுகிறது.

டிவியில் இது சரியாகத் தெரியாது. கேமரா எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். பார்வையாளர் ஸ்டாண்டின் மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தால், கார்கள் முதல் வளைவுக்குள் விழுவது போல இறங்குவதும், எதிர்ப்பக்கம் மூச்சுப் பிடித்து ஏறுவதும் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

வெறும் இடது பக்கமா சுத்திட்டே இருக்கிறதுல என்ன திறமை?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்கிற தொனியும் எப்போதும் ஒன்றே!

தடத்தின் நீளம் 0.625 மைல், ஏறக்குறைய சரியாக ஒரு கிலோமீட்டர். வளைவுகளில் சாய்மானம் சுமார் 14 டிகிரி. டல்லடேகா போன்ற பெரிய தடங்களில் 33 டிகிரி வரை சாய்மானம் உண்டு; அங்கே வளைவே காரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். இங்கே அந்த உதவி குறைவு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 20 விநாடி. அதற்குள் இரண்டு முறை பிரேக் போட்டு, இரண்டு முறை திருப்பி, இரண்டு முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். பழைய நாளில் ஒரு பந்தயத்துக்கு 400 சுற்று. கணக்குப் போட்டால் 800 முறை இதே வேலை.

இப்போது சரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் வேகமெடுத்து முதல் வளைவுக்கு வருகிறீர்கள், அதனால் பிரேக்கைச் சற்று முன்னதாகவே, அழுத்தமாகவும் போட வேண்டும். முன் டயர்கள் தேய்கின்றன. இரண்டாவது வளைவை விட்டு வெளியே வரும்போது எதிரே ஏற்றம். அவசரப்பட்டு மிதித்தால் பின் சக்கரம் வழுக்கிச் சுழலும். பின் டயர்கள் தேய்கின்றன. ஒரு முனைக்குச் சரியாகக் காரை அமைத்தால் மறுமுனைக்கு ஒத்துவராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானத்துக்கு வந்து, அதை மூன்று மணி நேரம் இழுத்துப் பிடிப்பதுதான் ஓட்டுநரின் வேலை. முதல் 30 சுற்றில் பறந்தவர் 60-வது சுற்றில் பின்னால் போய்க்கொண்டிருப்பார். அந்த மாற்றம் மெதுவாக நடப்பதைப் பார்க்கப் பழகிவிட்டால், அப்புறம் வட்டம் என்று சொல்ல மாட்டீர்கள்.

கள்ளச்சாராயம் கடத்தினவங்கதான் இந்தப் பந்தயத்தையே ஆரம்பிச்சாங்களாமே? கதையா, உண்மையா?

பாதிக்கு மேல் உண்மை. வில்க்ஸ் மாவட்டம் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன இடம். மலை நிலத்தில் சோளத்தை மூட்டையாக விற்றால் காசு பெயராது. அதையே ஊறல் போட்டுக் காய்ச்சி விற்றால் குடும்பம் பிழைக்கும். மத்திய அரசின் மதுவரியைக் கட்டாததுதான் குற்றம். சரக்கை இரவோடு இரவாக நகரங்களுக்குக் கொண்டுபோக வேகமான கார் வேண்டும். 1930-களின் கடைசியிலும் 1940-களிலும் வந்த ஃபோர்டு வி-8 கார்கள் இதற்கு வாகாக இருந்தன. இஞ்சினைக் கூர்தீட்டி, பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாதபடி தடித்த ஸ்பிரிங் போட்டு ஓட்டினார்கள். பின்பக்கம் தாழ்ந்த காரைப் போலீஸ் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடும் அல்லவா.

யாருடைய கார் வேகம் என்ற வீம்பு வந்தால் பந்தயம் வராமல் இருக்குமா? ஆரம்ப கால ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், பணம் போட்டவர்கள் என்று பலருக்கும் இந்தத் தொழிலோடு தொடர்பு இருந்தது. ஆனால் எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது தவறு. முதல் சாம்பியன் ரெட் பைரன் இரண்டாம் உலகப் போரில் காலில் காயம்பட்டுத் திரும்பிய விமானப்படை வீரர். நாஸ்காரைத் தொடங்கிய பில் ஃபிரான்ஸ் மெக்கானிக்காகவும் பந்தய அமைப்பாளராகவும் இருந்தவர்.

ஜூனியர் ஜான்சன், ஜூனியர் ஜான்சன்னு சொல்றாங்களே, அவர் யாரு?

மேலே சொன்ன சாராயக் கதைக்கு உயிருள்ள சாட்சியாக இருந்தவர். இதே வில்க்ஸ் மாவட்டத்துக்காரர். இளவயதில் கோவேறு கழுதை பூட்டி உழுதுகொண்டிருந்தபோது அண்ணன் வந்து கூப்பிட்டாராம், நார்த் வில்க்ஸ்பரோ தடத்தில் ஒரு பந்தயம் இருக்கிறது, வந்து ஓட்டு என்று. அப்படியே போய் ஓட்டி இரண்டாவதாக வந்தேன் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்பாவின் சரக்கை வருஷக்கணக்காக ஓட்டியும் சாலையில் ஒரு தடவைகூட அவர் பிடிபடவில்லை. பிடிபட்டது அடுப்படியில்! 1956-ல் அப்பாவின் காய்ச்சுமிடத்தில் தீ மூட்டப் போன இடத்தில் அதிகாரிகள் மடக்கினார்கள். 11 மாதம் சிறை. வெளியே வந்து மறுபடி பந்தயம் ஓட்டி, 50 வெற்றிகளோடு ஓய்வுபெற்றார். 1986-ல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார். அணி உரிமையாளராக கேல் யார்பரோ, டேரல் வால்ட்ரிப் இருவரையும் ஆளுக்கு மூன்று முறை சாம்பியன் ஆக்கினார். 2010-ல் நாஸ்கார் புகழ்மண்டபத்தின் முதல் ஐவரில் ஒருவர். 2019 டிசம்பரில் காலமானார்.

இன்னொன்று. 1971-ல் அமெரிக்க டிவியில் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டது. அந்தச் சமயத்தில் தன் அணிக்கு ஸ்பான்சர் கேட்டு வட கரோலினாவின் ரெனால்ட்ஸ் சிகரெட் நிறுவனத்திடம் போனவர் இவர். அவர்களிடம் இருந்த பணம் ஓர் அணிக்கு ரொம்ப அதிகம் என்று புரிந்ததும், நாஸ்காரிடமே அனுப்பி வைத்தார். நாஸ்காரின் முதன்மைத் தொடர், ரெனால்ட்ஸின் வின்ஸ்டன் சிகரெட் பெயரில் வின்ஸ்டன் கோப்பை ஆனது அப்படித்தான். அந்தப் பணம் வந்த கையோடு 1972-ல் 48 பந்தயங்களை 31 ஆகக் குறைத்தார்கள். 250 மைலுக்குக் குறைந்தவை போயின. நார்த் வில்க்ஸ்பரோவின் 400 சுற்று சரியாக 250 மைல். தப்பித்தது.

ஸ்டாண்டுக்குக் கீழ சாராயக் குகை கண்டுபிடிச்சாங்கன்னு செய்தி வந்துச்சே?

வந்தது, 2024 மார்ச்சில். ஸ்டாண்டில் பராமரிப்பு வேலை பார்த்தபோது கான்கிரீட்டில் விரிசல்கள் தெரிந்தன. பெயர்த்துப் பார்த்தால் கீழே சுமார் 700 சதுர அடிக்கு வெற்றிடம். அந்தக் காலத்தில் இங்கேயே சாராயம் காய்ச்சியதாக ஊரில் பழைய பேச்சு உண்டு. இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தலைப்புச் செய்தி ஆக்கிவிட்டார்கள். காய்ச்சும் பாத்திரம் எதுவும் கிடைக்கவில்லை என்று தடத்தின் நிர்வாகமே சொன்னது. டிக்கெட் விற்க இதைவிட நல்ல குகை கிடைக்குமா என்பது என் சந்தேகம்.

இங்க அதிகமா ஜெயிச்சது யாரு? மறக்க முடியாத பந்தயம் எது?

ரிச்சர்ட் பெட்டி, 15 முறை. கிட்டே யாரும் வர முடியாது.

பந்தயம் என்றால் என் கணக்கில் 1989 அக்டோபர். கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் முன்னால். முதல் வளைவில் ரிக்கி ரட் உள்பக்கமாக நுழைந்தார். எர்ன்ஹார்ட் வழியை அடைத்தார், இருவரும் மோதிச் சுழன்றார்கள், பின்னால் வந்த ஜெஃப் போடைன் ஜெயித்துவிட்டுப் போனார். அந்த வருஷம் எர்ன்ஹார்ட் சாம்பியன் பட்டத்தை ரஸ்டி வாலஸிடம் இழந்தது 12 புள்ளியில். இறக்கத்தில் வந்து முதல் வளைவில் பிரேக் போடுவதைப் பற்றி மேலே சொன்னேனே, அந்த இடம்தான் இது.

போடைன் குடும்பத்துக்கு இந்தத் தடம் ராசி. ஆறு மாதம் கழித்து 1990 வசந்தகாலப் பந்தயத்தில், மஞ்சள் கொடி காட்டி எல்லோரையும் மெதுவாக ஓடவைத்த நேரத்தில், முன்னால் போகும் வழிகாட்டும் கார் தவறான ஆளை முதலிடத்தில் இருப்பவராக எடுத்துக்கொண்டது. சுற்றுக் கணக்கு குழம்பியது. கடைசியில் தம்பி பிரெட் போடைன் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டாவது வந்த வால்ட்ரிப் தரப்பு கொதித்தும் முடிவு மாறவில்லை. பிரெட்டுக்கு முதன்மைத் தொடரில் அது ஒன்றுதான் வெற்றி. அப்புறம் 1994 அக்டோபரில் ஜெஃப் போடைன் மற்ற எல்லோரையும் ஒரு முழுச் சுற்று முந்தி ஜெயித்தார். முதன்மைத் தொடரில் அதற்குப் பிறகு யாரும் அதைச் செய்யவில்லை.

நல்லா ஓடிட்டிருந்ததை 1996-ல ஏன் மூடினாங்க? கூட்டம் வரலையா?

கூட்டம் வந்தது. வேறு யாருக்கோ தேதி தேவைப்பட்டது, அதுதான் காரணம்.

நாஸ்காரில் ஒரு தடத்தின் சொத்து மண்ணும் தாரும் அல்ல, வருஷ அட்டவணையில் அதற்கு உள்ள தேதிகள். நார்த் வில்க்ஸ்பரோவுக்கு வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று என்று இரண்டு. புதிதாகத் தடம் கட்டுகிறவருக்குத் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. இருக்கிற தடத்தை வாங்கித் தேதியை எடுத்துக்கொண்டு போவது சுலபம். 1995 மே மாதம் ஈனக் ஸ்டேலி இறந்தார். கூட்டாளியான கோம்ஸ் குடும்பத்தின் பாதிப் பங்கை ப்ரூட்டன் ஸ்மித் வாங்கினார்; அவர் டெக்ஸாஸில் பெரிய தடம் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டேலி குடும்பத்தின் பாதி பாப் பேர் கைக்குப் போனது. நியூ ஹாம்ப்ஷயர் தடம் அவருடையது. ஆளுக்கு ஒரு தேதி. 1996 செப்டம்பர் 29 அன்று கடைசிப் பந்தயம், ஜெஃப் கார்டன் ஜெயித்தார். மறுவருஷம் ஒரு தேதி டெக்ஸாஸில், இன்னொன்று நியூ ஹாம்ப்ஷயரில்.

சின்ன ஊர், ஓட்டல் அறை குறைவு, ஸ்டாண்டுகள் பழசு, டிவிக்குப் பெரிய நகரங்கள்தான் வேண்டும் என்று சொல்லப்பட்ட காரணங்களும் பொய்யில்லை. ஆனால் அவை 1985-லும் இருந்தவைதானே.

அப்புறம் இத்தனை வருஷம் சும்மா கிடந்துச்சா? வீடியோ கேமால்தான் உயிர் வந்துச்சுன்னு சொல்றாங்களே?

2010, 2011-ல் சில சிறிய பந்தயங்கள் நடந்தன, அதுவும் நின்றுபோனது. மற்றபடி தார் விரிசலில் புல் முளைத்து, ஸ்டாண்டுகளைச் செடி மூடி, சுவரில் பழைய வின்ஸ்டன் விளம்பரம் வெளுத்துக் கிடந்தது. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் நிறுத்திப் போட்டோ எடுக்கும் இடமாகிவிட்டது.

வீடியோ கேம் கதை உண்மைதான். 2019 டிசம்பரில் டேல் எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் ஜூனியர் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு போய்த் தடத்திலிருந்த களையைப் பிடுங்கிச் சுத்தம் செய்தார். ஐரேசிங் என்ற கணினிப் பந்தய நிறுவனம் லேசர் கருவியால் தடத்தை அளந்து பதிவு செய்வதற்காக. நிஜத் தடம் இல்லாமல் போனாலும் கணினியிலாவது இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். சில மாதத்தில் கொரோனா வந்து எல்லாப் பந்தயமும் நின்றது; ஓட்டுநர்கள் வீட்டிலிருந்தே கணினியில் ஓட்டினார்கள், டிவியில் ஒளிபரப்பினார்கள். 2020 மே மாதம் அந்தத் தொடரின் கடைசிப் பந்தயம் இந்தத் தடத்தில், டெனி ஹாம்லின் ஜெயித்தார். பழைய ரசிகர்களுக்குப் பசி கிளம்பிவிட்டது.

ஆனால் கேம் மட்டும் போதவில்லை, பணமும் வேண்டியிருந்தது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

தனியார் தடத்துக்கு அரசாங்கப் பணமா? இது என்ன நியாயம்?

கொரோனா நிவாரணமாக மத்திய அரசிடமிருந்து மாநிலத்துக்கு வந்த நிதியிலிருந்து, 2021 பட்ஜெட்டில் நார்த் வில்க்ஸ்பரோவுக்கு 1.8 கோடி டாலர் ஒதுக்கினார்கள். தடம் அப்போது ஸ்மித் குடும்ப நிறுவனத்தின் கையில். தேதியை எடுத்துக்கொண்டு போனவரின் மகன் மார்கஸ் ஸ்மித் தலைமையில்தான் தடம் திரும்பக் கட்டப்பட்டது. அதற்கு வரிப்பணமும் சேர்ந்தது. இதை நினைத்துச் சிரிப்பதா கோபப்படுவதா என்று உள்ளூரிலேயே இரண்டு கட்சி உண்டு.

என் கருத்து: பணம் கொடுத்தது தவறில்லை, ஏனென்றால் தடம் மூடியதில் நஷ்டப்பட்டது ஸ்மித் குடும்பம் அல்ல, அந்த மாவட்டம். ஆனால் இத்தனை வருஷம் இங்கே பந்தயம் நடத்தியே தீர வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதி வாங்கியிருந்தால் இன்னும் நிம்மதியாக இருக்கும்.

2022 ஆகஸ்டில் உள்ளூர் வகைக் கார்களோடு பந்தயம் திரும்பியது. டேல் ஜூனியரே ஓட்டி மூன்றாவதாக வந்தார்.

புதுத் தார் போட்டது நல்லதா கெட்டதா?

ரசிகர்கள் இருவர் சேர்ந்தால் இது சண்டையில் முடியும். 1981-ல் போட்ட தார் 2023 வரை இருந்தது. நாற்பது வருஷ வெயிலிலும் பனியிலும் மேல்பூச்சு போய், ஜல்லி துருத்திக்கொண்டு உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. டயரைச் சும்மா தின்னும். அதனால்தான் டயரைச் சேமித்து ஓட்டுகிறவருக்கு மதிப்பு. 2023 மே மாதம் ஆல்-ஸ்டார் பந்தயம் (பெரும்பாலும் ஜெயித்தவர்களுக்கான சிறப்புப் பந்தயம்) அந்தப் பழைய தாரிலேயே நடந்தது. கைல் லார்சன், டயர் மாற்ற ஒதுங்கும் பிட் பாதையில் வேக வரம்பை மீறியதற்காகத் தண்டனை வாங்கி, கடைசிக்குப் போனார். ஆனால் புது டயரோடு கிளம்பி எல்லோரையும் தாண்டி, 200 சுற்றில் 145 சுற்று முன்னால் ஓடி ஜெயித்தார்.

பழைய தார் பெயர்ந்துகொண்டிருந்தது. எத்தனை ஒட்டுப் போட முடியும்? அந்தக் குளிர்காலத்தில் புதிதாகப் போட்டார்கள். 2024-ல் ஜோயி லோகானோ 200 சுற்றில் 199 சுற்று முன்னணியில் இருந்தார். புதுத் தாரில் டயர் தேயாது, தேயாவிட்டால் முந்த முடியாது. அந்த வருஷம் பலருக்கு நினைவிருப்பது, முதல் சுற்றிலேயே மோதிக்கொண்ட கைல் புஷ்ஷும் ரிக்கி ஸ்டென்ஹவுஸும் பந்தயம் முடிந்ததும் கைகலந்ததுதான். 2025-ல் நிலைமை தேறியது. கிறிஸ்டோபர் பெல் கடைசிக் கட்டத்தில் லோகானோவை முந்தினார். தார் பழசாகப் பழசாகப் பந்தயம் சூடுபிடிக்கும் என்று நம்புகிறேன். போட்டிருக்கக் கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்கள் எதை இழந்தார்கள் என்று புரிகிறது.

ஆல்-ஸ்டார் பந்தயத்துக்குப் புள்ளியே கிடையாதாமே? அப்போ அது நிஜப் பந்தயமா?

பத்து லட்சம் டாலர் பரிசு உண்டு, சாம்பியன் பட்டத்துக்கான புள்ளி கிடையாது. அதனால்தான் மூன்று வருஷம் ஆல்-ஸ்டார் நடந்தும் பழைய ஆட்களுக்குத் திருப்தி இல்லை. 1996-ல் எடுத்துக்கொண்டு போனது புள்ளிப் பந்தயம், திரும்பி வர வேண்டியதும் அதுதானே? 2026 அட்டவணையில் அதற்கு விடை வந்தது: ஆல்-ஸ்டாரை டோவர் என்ற வேறொரு தடத்துக்கு மாற்றிவிட்டு, ஜூலை 19-க்குப் புள்ளிப் பந்தயத்தை இங்கே அறிவித்தார்கள். தேதிதான் சொத்து என்று முன்னால் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

நம்ம ஆளுங்க யாராவது இங்க ஓட்டியிருக்காங்களா?

இங்கே இல்லை. ஆனால் நாஸ்காரில் ஓட்டியவர் உண்டு: கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2010-ல் நாஸ்காரின் டிரக் தொடரில் (பிக்கப் டிரக்குகள் ஓடும் தொடர்) இறங்கினார். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில். பக்கத்து வர்ஜீனியாவில், அதே 1947-ல் பிறந்த, இதைவிடச் சின்னத் தடம். ஃபார்முலா ஒன் ஓட்டி வந்தவர், முட்டி மோதும் குட்டித் தடத்தில் முதல் நாளே 13-வதாக வந்தார். அந்த வருஷம் டிரக் தொடரில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மிகப் பிரபலமான ஓட்டுநரும் அவர்தான்.

நேர்ல போய்ப் பார்க்கலாமா? எங்க உட்காரணும்?

தாராளமாக. காதடைப்பான் கட்டாயம், குழந்தைகளுக்குப் பெரிய காதுமூடி வாங்கிவிடுங்கள். முன் வரிசை மலிவு என்று உட்காராதீர்கள். வேலிக் கம்பிதான் தெரியும், கூடவே தேய்ந்த டயர்த் துணுக்கு சட்டையிலும் சிப்ஸ் பாக்கெட்டிலும் வந்து விழும். மேல் வரிசை, முதல் வளைவுப் பக்கம் என் தேர்வு. ஜெயித்த காரை லிஃப்டில் வைத்துக் கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏற்றிக் கொண்டாடுவார்கள்; வேறு தடங்களில் காணக் கிடைக்காத காட்சி, அதனால் கொடி விழுந்ததும் எழுந்து ஓட வேண்டாம். எப்படியும் 421-ல் வண்டி நகர ஒரு மணி நேரமாவது ஆகும்.